முந்நூற்றுப் பன்னிரண்டு லிங்க்

62.764416. எங்கள் அண்ணன், அதாவது பெரியப்பா மகன், இந்த எண்ணை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தா காலத்திலேயே வயல் இரண்டு சர்வே நம்பராகப் பிரிந்துவிட்டது. மேற்கே பெரியப்பா வீட்டுக்கு, கிழக்கே எங்களுக்கு. நடுவில் இருக்க வேண்டிய எல்லைக்கல்லைத்தான் பல வருஷமாகக் காணவில்லை. இந்த மாசியில் அறுவடை முடிந்து வயலில் தாள் மட்டும் நின்றபோது, அளந்து கல் போட்டுவிடலாம் என்று கூடினோம். தனியார் சர்வேயர் ஒருவர் வந்து முக்காலி நிறுத்தி, தூரம் அளக்கும் மின்னணுக் கருவியான டோட்டல் ஸ்டேஷனைப் பூட்டினார். கூட வந்த பையன் பிரிசக் கம்பைத் தூக்கிக்கொண்டு நடு வரப்புக்குப் போனான். சர்வேயர் திரையைப் பார்த்துப் படித்தார்: "அறுபத்திரெண்டு புள்ளி நாலு ஒண்ணு ரெண்டு." அண்ணன் பத்திரிகையை வெளியே எடுத்தார்.

பழைய எஃப்.எம்.பி. படத்தில், அதாவது சர்வே நம்பரின் எல்லைகளை அளவோடு வரைந்த நில அளவைத் துறைப் படத்தில், அந்தக் கோட்டின் மேல் 312 என்று மட்டும் இருக்கிறது. மீட்டர் இல்லை, லிங்க். ஒரு லிங்க் என்பது 0.201168 மீட்டர். அண்ணன் செல்போனில் பெருக்கியிருக்கிறார், 62.764416 வந்திருக்கிறது. "முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் குறையுது சித்தப்பா" என்றார். குரலில் கோபம் இல்லை. ஆனால் வரப்பு எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நகர்ந்தது என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. வரப்போரமாக நடந்துபோய், வேலிக்கருவை வேர் ஓடியிருந்த ஓர் இடத்தில் காலால் தட்டி, "இங்கிட்டு வெட்டுங்கப்பா" என்றார். ஒரு முழ ஆழத்தில் கடப்பாரை 'ணங்' என்றது. கல். அதன் தலையில் உளி வெட்டிய குறி இருந்தது. பையன் அதன் மேல் பிரிசக் கம்பை நிறுத்தினான். 62.71 என்று வந்தது.

முப்பது சென்டிமீட்டர் திரும்பி வந்துவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டும். அண்ணன் பத்திரிகையை மடிக்கவில்லை. "இன்னும் அஞ்சு சென்டிமீட்டர் எங்க?" என்று கேட்டார். மூன்று விரல் அகலம்கூட இல்லாத இடம் அது. ஆனால் அவர் கையில் இருந்த எண்ணில் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் இருந்தது. ஆறு இலக்கத்தைக் கையில் வைத்திருக்கிறவருக்கு இரண்டாவது இலக்கம் பொருந்தாதது பெரிய குறையாகத்தான் தெரியும். அன்றிலிருந்து இந்த ஆறு இலக்கம் என்னை விடவில்லை.

சங்கிலி பிடித்த கை

அப்பா நில அளவைத் துறையில் செயின்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் லிங்க் சங்கிலியும் மீட்டர் டேப்பும் ஒன்றாகப் புழங்கின. அறுந்து கழித்துப்போட்ட ஒரு சங்கிலியின் துண்டு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. பத்து லிங்க் நீளம். ஒவ்வொரு லிங்க்கும் பேனா ரீஃபில் அளவு தடித்த கம்பி. இரண்டு நுனியிலும் காது மாதிரி வளைத்து, நடுவில் சின்ன வளையங்கள் போட்டு அடுத்த கம்பியோடு கோத்திருக்கும். துண்டின் நுனியில் ஒற்றைப் பல் வைத்த பித்தளை வில்லை ஒன்று தொங்கும். ஒரு பல் என்றால் பத்து லிங்க், இரண்டு பல் என்றால் இருபது. நடுவில், ஐம்பதில், வட்ட வில்லை. புல்லுக்குள் கிடந்தாலும் விரலால் தடவியே எத்தனையாவது லிங்க் என்று சொல்லிவிடலாம் என்பார் அப்பா. எனக்கு எண் சொல்லிக் கொடுத்ததே அந்த வில்லைகளை வைத்துத்தான்.

நூறு லிங்க் ஒரு சங்கிலி. 66 அடி. 1620 வாக்கில் எட்மண்ட் கண்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த அளவு இது. 66 என்பது விநோதமான எண்ணாகத் தெரியலாம். ஆனால் பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர். அப்படியென்றால் ஓர் ஏக்கர் ஒரு லட்சம் சதுர லிங்க், ஒரு சென்ட் 1,000 சதுர லிங்க். வகுத்தல் தெரியாதவரும் புள்ளியை நகர்த்தியே பரப்பைச் சொல்லிவிடலாம். இன்றைக்கு மதுரையில் வீட்டுமனை வாங்குகிறவர் 435.6 சதுர அடி என்று ஒரு சென்ட்டை மனப்பாடம் செய்கிறாரே, அந்த .6 எங்கிருந்து வந்தது என்று யோசித்திருப்பாரா தெரியவில்லை. இந்தச் சங்கிலியிலிருந்துதான் வந்தது. லிங்க் போய்விட்டது, அதன் எச்சம் ஒவ்வொரு கிரயப் பத்திரத்திலும் இருக்கிறது.

அப்பா அன்று வரப்பில் உட்கார்ந்து அண்ணனுக்குச் சொன்னது இதுதான். முன்னால் ஒருவர் சங்கிலியை இழுத்துக்கொண்டு போவார், பின்னால் ஒருவர் கைப்பிடியைக் கல்லில் அழுத்திப் பிடிப்பார். விறைப்பாக்கி, உதறி, முன்னவர் ஊசி குத்துவார். மூன்று சங்கிலி போய் நாலாவதில் மிச்சம் வருவதை லிங்க்கில் எண்ணிக் கூப்பிடுவார். சர்வேயர் எழுதிக்கொள்வார். "அரை லிங்க்னு எழுதுறதில்லப்பா. பாதிக்கு மேல இருந்தா அடுத்த லிங்க். கீழ இருந்தா விட்ருவோம்." 62.71 மீட்டரை லிங்க்காக மாற்றினால் 311.73. பாதிக்கு மேல். எனவே 312 என்று கூப்பிட்டிருக்கிறார்கள். படமும் சரி, கல்லும் சரி.

அண்ணன் கேட்டார்: "அப்ப போன் பொய் சொல்லுதா சித்தப்பா?"

"போன் பொய் சொல்லல. சங்கிலி அவ்வளவுதான் சொல்லுச்சு."

அண்ணன் ஏற்கவில்லை. சர்வேயர் மறுநாள் காலையில் வருகிறேன் என்று மூட்டை கட்டினார். நான் இருபது வருஷத்துக்கு மேலாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். பதினோராம் வகுப்பில் முதல் பாடமே அளவீடு. அலகு மாற்று என்று கணக்குக் கொடுத்து, தசமத்தில் ஓர் இலக்கம் குறைந்தாலும் மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். ஓர் அளவில் எத்தனை இலக்கம் வரை நம்பலாம் என்று சொல்லும் முக்கிய எண்ணுருக்கள் என்ற பகுதியை அடுத்த வாரமே நடத்துகிறோம், ஆனால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துக் கேட்பதில்லை. அண்ணன் என்னிடம் படித்தவர் இல்லை. இருந்தாலும் அந்தப் பத்திரிகையின் பின்பக்கத்தில் இருந்தது நான் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான் என்று எனக்கு உறைத்தது.

62,764 கோடி

அன்று இரவு பெரியப்பா வீட்டுத் திண்ணையில் சாப்பாடு. சண்டை வயலோடு, சாப்பாடு வீட்டோடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணன் மகள் மதுரையில் இயற்பியல் முதலாமாண்டு படிக்கிறாள். நடந்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள், போனை எடுத்து, "அத்தை, இன்னும் கீழ போவோமா?" என்றாள். மீட்டரை ஆங்ஸ்ட்ராமாக மாற்றினாள். ஒரு மீட்டரில் 1,000 கோடி ஆங்ஸ்ட்ராம். எனவே தாத்தாவின் வயல் கோடு 62,764 கோடியே 41 லட்சத்து 60 ஆயிரம் ஆங்ஸ்ட்ராம். ஹைட்ரஜன் அணுவின் குறுக்களவு ஏறத்தாழ ஓர் ஆங்ஸ்ட்ராம். "இப்ப அணு வரைக்கும் எல்லை தெரிஞ்சிருச்சு" என்றாள். அவள் சொன்னதைக் கேட்டு அண்ணன் முகத்தில் ஒரு தெளிவு வந்ததைப் பார்த்தேன். அதனால்தான் அந்த எண்ணை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

ஆங்ஸ்ட்ராம் என்ற அளவுக்குப் பெயர் கொடுத்தவர் ஸ்வீடன் நாட்டு ஆண்டர்ஸ் ஆங்ஸ்ட்ராம். 1868-ல் சூரிய ஒளியில் தெரியும் கருங்கோடுகளுக்கெல்லாம் அலைநீளம் அளந்து படமாக வெளியிட்டார். மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கை அலகாக வைத்துக்கொண்டார். நான் அவளுக்குச் சொன்ன விஷயம் இதற்கு அடுத்தது: அவர் நம்பியிருந்த மீட்டர் கோலைப் பாரிஸ் கோலோடு ஒப்பிட்டதில் ஒரு சிறு பிசகு இருந்தது. அதனால் அவருடைய அலைநீளங்கள் எல்லாமே ஒரே போக்கில் சற்றுத் தவறின. அவர் காலமான பிறகு உடன் வேலை செய்தவர் திருத்தினார். கடைசியில் 1907-ல் காட்மியத்தின் சிவப்புக் கோட்டை 6438.4696 என்று நிலைநிறுத்தி, ஆங்ஸ்ட்ராமை மீட்டர் கோலின் பிடியிலிருந்தே விடுவித்தார்கள். அணுவை அளக்கிற அலகுகூட ஆரம்பத்தில் யாரோ பிடித்த ஒரு கோலிலிருந்து வெட்டி எடுத்ததுதான். கோல் பிசகினால் அதிலிருந்து வெட்டிய துண்டும் பிசகும்.

அப்புறம் இன்னொன்று. அண்ணன் பெருக்கிய 0.201168 எந்த அடியிலிருந்து வந்தது? 1959-ல் ஆங்கிலம் பேசும் சில நாடுகள் கூடி ஓர் அடி என்பது 0.3048 மீட்டர் என்று முடிவு செய்தன. இந்திய நில அளவைக்கோ தனி அடி உண்டு: 0.3047996 மீட்டர். வித்தியாசம் ஓர் அடிக்கு 4,000 ஆங்ஸ்ட்ராம். ஊதா நிற ஒளியின் ஓர் அலை அளவு. மதுரையிலிருந்து சென்னை வரை அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக்கொண்டே போனால் கிட்டத்தட்ட இரண்டடி வரும். எங்கள் வயலுக்கு? 312 லிங்க் என்பது 205.92 அடி. பெருக்கினால் 8 லட்சத்து 23 ஆயிரம் ஆங்ஸ்ட்ராம் சொச்சம், அதாவது ஒரு தலைமுடியின் தடிமன். இந்திய அடியில் மாற்றினால் அண்ணனின் எண் 62.764334 என்று முடியும். கடைசி மூன்று இலக்கமும் வேறு. அந்த இலக்கங்கள் நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. எந்த ஊர் அடியால் பெருக்கினோம் என்பதை மட்டும் சொல்கின்றன.

எட்டெட்டாக

இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் தன் போனை நீட்டினார். வாட்ஸப்பில் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நம் முன்னோர் அணுவையே அளந்துவிட்டார்கள் என்று. பழைய கணக்கு வாய்பாடு ஒன்று அதில் இருந்தது. எட்டு அணு ஒரு கதிர்த்துகள். எட்டு கதிர்த்துகள் ஒரு துசும்பு. எட்டு துசும்பு ஒரு மயிர்நுனி. எட்டு மயிர்நுனி ஒரு நுண்மணல். எட்டு நுண்மணல் ஒரு சிறுகடுகு. எட்டு சிறுகடுகு ஓர் எள். எட்டு எள் ஒரு நெல். எட்டு நெல் ஒரு விரல். பன்னிரண்டு விரல் ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். மேலே போகப் போகக் காதம் வரை. "எட்டு தடவை எட்டு. அணுவைக் கணக்குப் போட்டா பதினொரு ஆங்ஸ்ட்ராம் வருது. இது எப்படி வந்துச்சாம்? நீ சொல்லுறது சரின்னா இது மட்டும் எப்படிச் சரியா வந்துச்சு?" என்று கேட்டார்.

கணக்கு சரிதான், நானும் போட்டுப் பார்த்தேன். முழத்தை 18 அங்குலம் என்று வைத்தால் விரல் முக்கால் அங்குலம், 1.905 சென்டிமீட்டர். எட்டை எட்டுத் தடவை பெருக்கினால் 1,67,77,216. வகுத்தால் 11.35 ஆங்ஸ்ட்ராம். உண்மையான அணுக்கள் ஒன்றிலிருந்து ஐந்து ஆங்ஸ்ட்ராமுக்குள் அடங்குவன. பத்து மடங்குக்குள் வந்திருக்கிறதே என்று யாருக்கும் புல்லரிக்கும். எனக்கும் முதல் தடவை படித்தபோது புல்லரித்தது. ஒரு நிமிஷம் பதில் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

பதில் சொன்னது அப்பா. பரணிலிருந்து சங்கிலித் துண்டைக் கொண்டுவரச் சொன்னார். "நெல்லும் எள்ளும் வீட்டுல இருக்குல்ல, அடுக்கிப் பாத்துற வேண்டியதுதானே" என்றார். அவருக்கு அது வெகு சாதாரணமான யோசனை. சந்தேகம் வந்தால் அளந்து பார்ப்பது அவர் வாழ்நாள் வேலை.

திண்ணையில் ஒரு லிங்க்கைப் படுக்கவைத்து, நுனிக்கு நுனி சாக்பீஸால் கோடு கிழித்தோம். வாய்பாட்டின்படி ஒரு லிங்க் 10.56 விரல், அதாவது 84 நெல்லும் ஒரு பாதியும். அண்ணனே விதை நெல் மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து வந்தார். மோட்டா ரகம். படுக்கைவாட்டில், ஒன்றோடு ஒன்று தோள் உரசும்படி அடுக்கினோம். நெல்லின் முதுகில் ஓடும் வரி, உமியின் சொரசொரப்பு, சில நெல்லின் நுனியில் உதிராமல் நின்ற வால் எல்லாம் டார்ச் வெளிச்சத்தில் அவ்வளவு பக்கத்தில் தெரிந்தன. நானும் எத்தனையோ மூட்டை நெல்லைப் பார்த்தவள், ஒரு நெல்லை இப்படிப் பார்த்ததில்லை. 71-ல் கோடு முடிந்தது. "குறையுதே" என்றார் அண்ணன். பெரியம்மா உள்ளே போய்ச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சன்ன ரக நெல்லில் ஒரு கை அள்ளி வந்தார். அதை அடுக்கினோம். 93. இரண்டுக்கும் நடுவில் 82. வாய்பாடு சொன்ன 84-க்கு எவ்வளவு பக்கத்தில்! திண்ணையில் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். இந்த வாய்பாட்டை எழுதியவர் நெல்லை உண்மையாகவே விரலில் அடுக்கிப் பார்த்தவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் எள். எட்டு எள் ஒரு நெல் என்றால் ஒரு லிங்க்குக்கு 676 எள் வேண்டும். பாதி லிங்க் போதும் என்று முடிவு செய்தோம். 338. மின்விசிறியை நிறுத்தினார்கள். அண்ணன் மகள் ஊசி நுனியால் ஒவ்வோர் எள்ளாகத் தள்ளி வரிசைப்படுத்தினாள். மூச்சு பட்டாலே நகர்ந்தது. அண்ணன்தான் எண்ணினார். முப்பது, நாற்பது, ஐம்பது. 53-ல் பாதிக் கோடு நிறைந்துவிட்டது. அண்ணன் இன்னொரு முறை எண்ணினார். அதே 53. ஒரு நெல்லுக்குப் பக்கத்தில் எட்டு எள்ளை வைத்துப் பார்த்தார். எட்டு எள் எங்கே, ஒரு நெல் எங்கே! ஒன்றரை எள்ளுக்குள் நெல்லின் அகலம் முடிந்துபோனது. நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. "எள்ளுலயே பிசகுதே" என்றார் அண்ணன், மெதுவாக. எனக்கு அவரைத் தேற்ற வேண்டும் போல இருந்தது.

எள்ளிலேயே பிசகினால் அதற்குக் கீழே என்ன ஆகும்? வாய்பாட்டின் சிறுகடுகு ஒரு மில்லிமீட்டரில் இருபத்தேழில் ஒரு பங்கு வருகிறது. சமையலறைக் கடுகு ஒரு மில்லிமீட்டருக்கு மேல். வாய்பாட்டின் மயிர்நுனி 5,800 ஆங்ஸ்ட்ராம், மஞ்சள் ஒளியின் ஓர் அலை. உண்மையான முடி அதைப்போல நூறு மடங்கு தடிமன். வெயில் கதிரில் மிதக்கும் தூசு 90 ஆங்ஸ்ட்ராம் என்று வருகிறது. அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஒவ்வொரு படியிலும் பொருள் பொருந்தாமல் போய், கடைசிப் படியில் மட்டும் அணு பொருந்திவிட்டது என்று சொல்ல முடியுமா? அர்த்தசாஸ்திரத்திலும் இதே மாதிரி எட்டெட்டு ஏணி உண்டு. தேர்ச்சக்கரம் கிளப்பும் துகள், ஈர், பேன், வாற்கோதுமை, விரல் என்று போகிறது. ஆனால் அதில் அடிப்படியான பரமாணுவிலிருந்து விரலுக்கு ஐந்தே படி. தமிழ் வாய்பாட்டில் எட்டுப் படி. எனவே அந்தப் பரமாணு நம் அணுவைப்போல 512 மடங்கு பெரியது. அணுவின் அளவை அணு தீர்மானிக்கவில்லை. எத்தனை படி வைத்தோம் என்பது தீர்மானித்தது.

அதற்காக அந்த ஏணியை நான் ஒரு கணமும் குறைவாக நினைக்கவில்லை. கண்ணுக்கு எட்டாத ஒன்றுக்கும் கால் நடந்து கடக்கும் காதத்துக்கும் நடுவில் அறுபடாமல் ஒரே நூல் ஓடுகிறது என்று ஒருவர் நினைத்திருக்கிறார். பாதியைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கினால் எட்டில் ஒன்று. கையால் செய்யக்கூடிய பகுப்பு. கண்ணுக்கு எட்டியவரை நெல்லால் அளந்தார், எட்டாத இடத்தில் மனத்தால் அளந்தார். அந்த இரண்டாவது வேலையை முதல் வேலை என்று சொல்லி வாட்ஸப்பில் அனுப்புவதுதான் அவருக்குச் செய்கிற அநியாயம். ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுக் கணக்கும் எனக்கு இப்படித்தான் படுகிறது. ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்கு வரை நிலம் குறிக்கப்பட்டிருக்கிறது. 320-ல் ஒரு பங்கான முந்திரியை, முந்திரிக்குள் முந்திரியாக நான்கு அடுக்கு இறக்கி, கடைசியில் ஐந்தால் வகுத்தால் வரும் பின்னம். இன்றைய கணக்கில் 6.6 ஏக்கரை ஒரு வேலி என்று கொண்டால் அந்தத் துண்டு அரைச் சதுர மில்லிமீட்டர், ஓர் எள்ளின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு இருக்கும். எந்தக் கோலும் அதை மண்ணில் அளந்திருக்காது. வரிக் கணக்கில் மீதி விடக்கூடாது என்று ஏட்டில் பிடிவாதம் பிடித்த ஒரு கணக்கரின் வேலை அது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

வெயிலும் இரும்பும்

எல்லோரும் படுத்த பிறகு அண்ணன் மகள் கேட்டாள்: "அப்ப லிங்க்க ஆங்ஸ்ட்ராமா மாத்துறதே வீணா அத்தை?" வீண் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் ஓர் இடத்தில் இந்த இரண்டு அளவும் உண்மையாகவே ஒன்றையொன்று தொடுகின்றன.

சங்கிலி வெயிலில் நீளும். அப்பா இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். காலையில் அலுவலக வாசலில் பதித்த இரண்டு கல்லுக்கு நடுவே சங்கிலியைச் சரிபார்த்துக்கொண்டுதான் புறப்படுவார்களாம். நடுப்பகல் வெயிலில் கம்பியைத் தொடவே முடியாது. 1802-ல் ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலைப் பக்கம், மற்ற அளவுகளுக்கெல்லாம் ஆதாரமான முதல் அடிக்கோட்டை அளந்தபோது, நூறடி எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார். ஒரு டிகிரிக்கு இரும்பு பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 66 அடிச் சங்கிலிக்கு அது கால் மில்லிமீட்டர், 24 லட்சம் ஆங்ஸ்ட்ராம். எங்கள் 312 லிங்க்குக்கு முக்கால் மில்லிமீட்டர். காலைக்கும் மதியத்துக்கும் பத்து டிகிரி ஏறினால் அண்ணன் எண்ணின் மூன்றாவது தசமமே ஏழெட்டு தள்ளிப்போகும்.

ஏன் நீள்கிறது? இரும்பில் ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் 2.48 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. சூடு ஏறும்போது அணுக்கள் இன்னும் வேகமாக அதிர்கின்றன, ஒரு டிகிரிக்கு அந்த இடைவெளி 0.00003 ஆங்ஸ்ட்ராம் மட்டும் கூடுகிறது. நினைத்துப் பார்க்கவே முடியாத சின்ன நகர்வு. ஆனால் சங்கிலியை ஒரே நேர்க்கம்பியாக நினைத்தால் அதில் நுனிக்கு நுனி சுமார் 8,100 கோடி இடைவெளிகள் வரிசையாக நிற்கின்றன. பெருக்கிப் பார் என்றேன். இருட்டில் போன் வெளிச்சத்தில் பெருக்கினாள். 24 லட்சம் ஆங்ஸ்ட்ராம் வந்தது. கால் மில்லிமீட்டர். அப்பா கையில் உணர்ந்த அதே நீட்சி. "இது வேற மாதிரி இருக்கு" என்றாள். ஆமாம், வேறு மாதிரி. இங்கே எண்ணை மட்டும் மாற்றவில்லை. அணு நகர்கிறது, அதனால் சங்கிலி நகர்கிறது. எட்டெட்டு ஏணியை எழுதியவர் மனத்தில் கண்ட நூல் ஒருவேளை இதுதானோ என்று எனக்குத் தோன்றியது. அவளிடம் அதையும் சொன்னேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே சர்வேயர் வந்துவிட்டார். வைகை பக்கமிருந்து குளிர்ந்த காற்று, நாகமலை மேல் மட்டும் வெயில். அண்ணன் எங்களுக்கு முன்னாலேயே வந்து, தோண்டிய குழியில் விழுந்திருந்த மண்ணைக் கையால் அள்ளிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் பத்திரிகை இருந்தது, எடுக்கவில்லை. சர்வேயர் மறுபடி அளந்தார். "அறுபத்திரெண்டு புள்ளி ஏழு ஒண்ணு." அண்ணன் அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "லிங்க்ல எவ்வளவு சித்தப்பா?"

"முந்நூத்திப் பன்னெண்டு."

அண்ணன் குழிக்குள் இறங்கி, சாய்ந்திருந்த கல்லை இரண்டு கையாலும் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். "சித்தப்பா, நேரா இருக்கா பாருங்க" என்றார். அப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "இங்கிட்டுக் கொஞ்சம் சாயி" என்றார். அப்புறம் மண்ணைத் தள்ளினோம்.